சீமாச்சுவும் டீசலும்

கல்யாணமாகி நான்கு மாதமே ஆன அந்தக் கணவனும் மனைவியும் கடற்கரையில் இருபதடி இடைவெளி விட்டு நடந்தார்கள். முன்னால் அஜிதா, பின்னால் ஹரிஷங்கர். ஒருவருக்கொருவர் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அலைச்சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது.

"அஜிதா, இவன் என் செருப்பைக் கடிக்கறான்!"

"கடிக்கட்டும். பேசாம நடங்க!"

"புதுச் செருப்பாக்கும்!"

"பளசா இருந்தா அவன் கடிக்க மாட்டான்!"

ஹரிஷங்கரின் கையிலிருந்த சங்கிலியில் வந்தது அஜிதாவின் நாய். அஜிதாவின் கையிலிருந்ததில் வந்தது ஹரிஷங்கரின் நாய். இப்படி மாற்றிப் பிடிக்கச் சொன்னவர் கால்நடை டாக்டர் ஆர்ஷா. "வீட்டுக்குள்ள வச்சு சமாதானம் பண்ண முடியாது. ரெண்டுக்கும் சொந்தமில்லாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. இவர் நாய நீங்க பிடிங்க, உங்க நாய இவர் பிடிக்கட்டும். இருபதடியில தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமா நெருங்குங்க. நாள் முழுக்க நடக்கணும். அலுத்துப்போனா சண்டைக்குத் தெம்பு இருக்காது" என்றார். அதுவும் பலிக்காவிட்டால் என்ன செய்வது என்று அஜிதா கேட்டதற்கு, ஒரு நாயை வேறு வீட்டில் விடுவதுதான் இரண்டுக்கும் நல்லது என்றார்.

பலிக்காவிட்டால் கூட்டிப்போகத்தான் நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய தம்பி பிரஜின் வித்துராவிலிருந்து மினி லாரியில் வருவதாக இருந்தான். அங்கே ஒரு கோழிப்பண்ணையில் அவனுக்கு மேஸ்திரி வேலை. அவளுடைய நாய் டீசலைக் கட்டிப்போட இடம் இருந்தது. இந்த யோசனையைச் சொன்னதும் அஜிதாதான். திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகத்து வீடு ஹரிஷங்கருடையது. அவனுடைய நாய் சீமாச்சு அங்கே ஏழு வருடமாக இருக்கிறான். வந்தவள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாததால்தான் அவளே முந்திக்கொண்டு சொன்னாள். சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

டீசல் அவளுக்கு வெறும் நாய் அல்ல. ஒன்பது வருடத்துக்கு முன்னால், முதல் கல்யாணத்தை உதறிவிட்டு ஒரு பையோடு விழிஞ்ஞத்தில் வந்து இறங்கியவள், துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் கம்பெனிக்கு மேலே ஓர் அறை எடுத்தாள். மூன்றாம் நாள் காலையிலிருந்து எங்கோ ஒரு குட்டி கத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் தேடிப் போனபோது, வாய் வெட்டிய காலி டீசல் பீப்பாயின் அடியில் கிடந்தது. கரியும் எண்ணெயும் பூசிய கறுப்புக் குட்டி. தலைகீழாகக் குனிந்து அதைத் தூக்கியவளின் தோளில் அன்றைக்கு விழுந்த கீறல் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு, இரும்பும் இருட்டும் சேர்ந்த எந்த இடத்துக்கும் டீசல் போனதில்லை. கட்டிலுக்கு அடியில்கூட நுழைய மாட்டான்.

சீமாச்சுவின் கதை வேறு. கொழுத்த மஞ்சள் லாப்ரடார். தயிர்சாதத்தில் வளர்ந்த உடம்பு. ஹரிஷங்கரின் அத்திம்பேர் ஒருவருக்கும் சீமாச்சு என்றுதான் பெயர். நாய்க்கு அந்தப் பெயர் வைத்ததிலிருந்து அவர் அந்த வீட்டுப் படியேறுவதில்லை. அது தற்செயல் என்று ஹரிஷங்கர் எல்லோரிடமும் சொல்லி வந்தான்.

இருவரும் சந்தித்ததே டாக்டர் ஆர்ஷாவின் வரவேற்பறையில்தான். அன்றைக்கே நாய்கள் ஒன்றின்மேல் ஒன்று பாய்ந்தன. பிடித்து இழுத்த இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்கும், ஏஜீஸ் ஆபீசில் தணிக்கைக் கோப்புகளோடு இருபது வருடம் கழித்த நாற்பத்தேழு வயதுப் பிரம்மச்சாரிக்கும் அதற்குமேல் எப்படிப் பேச்சு வளர்ந்தது என்பது இரு வீட்டாருக்கும் விளங்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். மனிதர்கள் இருவரும் சேர்ந்துவிட்டார்கள், நாய்கள் சேரவில்லை. ஸ்ரீவராகத்து நீள வீட்டின் நடுக்கதவில் ஒரு பிளைவுட் பலகை ஏறியது. காலையில் சீமாச்சுவுக்கு முன்கட்டு, டீசலுக்குப் பின்கட்டு. மத்தியானத்துக்கு மேல் மாற்றம். அதையும் மீறி மூன்று சண்டை. மூன்றாவதில் நடுவே கையை விட்ட ஹரிஷங்கருக்கு முழங்கைக்குக் கீழே ஆறு தையல். வீட்டில் எந்த நாய் உறுமினாலும் இருவரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பாதிச் சாப்பாட்டில், ஒருமுறை பாதிக் குளியலில்.

இன்று காலையிலும் இரண்டு ஆட்டோவில்தான் புறப்பட்டார்கள். தெருக்கோடி ஜெபசிங்கின் வண்டியில் அவளும் டீசலும், ஜெபசிங்கின் கூட்டாளி வண்டியில் அவனும் சீமாச்சுவும். முதலப்பொழிப் பாலம் தாண்டித் தாழம்பள்ளியில் இறங்கி, சங்கிலிகளை மாற்றிக்கொண்டு, வடக்கே வர்க்கலையை நோக்கி நடக்கத் தொடங்கியபோது ஆறரை மணி. பதினைந்து கிலோமீட்டர். சாயங்காலம் வர்க்கலையிலிருந்து ரயிலில் திரும்புவதாக ஏற்பாடு. கார்டு வண்டியில் நாய்க்கென்று பெட்டி உண்டு என்பதை ஹரிஷங்கர் விதிப்புத்தகத்திலிருந்தே கண்டுபிடித்திருந்தான். இரண்டு நாய்க்கும் தடுப்பூசிச் சான்றிதழ், டாக்டர் கடிதம், நகல் இரண்டு, எல்லாம் பிளாஸ்டிக் உறையில் தயார். ஆளுக்கொரு பெட்டி, சண்டைக்கே இடமில்லை. டீசல் எப்படி ஏறுவான் என்பதைத்தான் அஜிதா காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

கடலரிப்புக்காகக் கொட்டிய கருங்கல் சுவர் சில இடங்களில் மணலையே விழுங்கியிருந்தது. அங்கெல்லாம் ரோட்டில் ஏறி, வீட்டு வாசல்களையும் சிலுவை நட்ட குருசடிகளையும் தாண்டி, மறுபடி மணலில் இறங்கினார்கள். சீமாச்சு மெதுவாகத்தான் நடந்தான். அலை வந்து காலைத் தொட்டால் திகைத்து நின்றான். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அஜிதாவின் காலில் முழு எடையையும் சாய்த்துக்கொண்டான். முதலில் அவள் தள்ளிவிட்டாள். நாலாவது தடவை அவனுடைய காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டாள். நாய் ஒரு பெருமூச்சு விட்டது. ஆபீஸ் விட்டு வந்து நாற்காலியில் உட்காரும்போது ஹரிஷங்கர் விடும் அதே பெருமூச்சு.

"உங்க நாயி உங்களப்போலவே இருக்கான்!" என்று பின்னால் திரும்பிக் கத்தினாள்.

"அதாவது?"

"ரெண்டு எட்டு நடந்தா ஒரு பிரேக்கு!"

அஞ்சுதெங்குக் கோட்டையைத் தாண்டும்போது இடைவெளி பத்தடியாகியிருந்தது. காயிக்கரையில் கம்பவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் அரைவட்டமாகப் போட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு வரிசை ஆட்கள் இழுக்கும் வேலை. கயிற்றின் முனையில், தலையில் சிவப்புத் துவர்த்துத் துண்டு கட்டி நின்றவர் இவர்களைப் பார்த்தார்.

"ஒண்ணு பிடி சாறே. ஆளு போரா!"

ஆள் போதவில்லையாம். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் ஹரிஷங்கர். கரையேற்றிய ஃபைபர் படகின் ஒரு முனையில் டீசலையும் மறுமுனையில் சீமாச்சுவையும் கட்டிவிட்டு இருவரும் கயிற்றைப் பிடித்தார்கள். முக்கால் மணி நேரம். அஜிதா பிடித்த கயிறு நகர்ந்தது. ஹரிஷங்கர் பிடித்த இடத்தில் கயிறுதான் அவனை இழுத்தது. துவர்த்துக்காரர், "சாறு கயற பிடிச்சோ, கயறு சாற பிடிச்சோ?" என்று கேட்க, இரண்டு வரிசையும் சிரித்தது. வலை கரைக்கு வந்து வெள்ளியாகத் துள்ளியபோது அஜிதா படகைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு நாயும் ஒன்றையொன்று மறந்து ஒரே திசையில், வலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்ட ஹரிஷங்கரின் கையில் துவர்த்துக்காரர் எட்டு அயிலை மீன் போட்ட பையைத் திணித்தார். "கயறு தொட்டா பங்கு எடுக்கணும். அல்லெங்கில் நாளைக்கு வலை காலி."

பிறந்ததிலிருந்து மீனைத் தொடாத மனிதன், அந்தப் பையைக் கை நீட்டித் தன்னிடமிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் பிடித்துக்கொண்டு நடந்தான்.

நெடுங்கண்டாவில் கல்சுவரில் உட்கார்ந்து, கொண்டுவந்த இட்லியைப் பிரித்தார்கள். இடைவெளி மூன்றடி. உறுமல் இல்லை. அஜிதா அயிலை ஒன்றை டீசலுக்குப் போட்டாள். சீமாச்சு அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அவன் திங்க மாட்டான்" என்றான் ஹரிஷங்கர். "வாசனையே ஆகாது அவனுக்கு."

அஜிதா ஒரு மீனை நீட்டினாள். அது போன இடம் தெரியவில்லை. இரண்டாவதும் போயிற்று. சீமாச்சு அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக நக்கினான்.

"ஏழு வருஷம்" என்றான் ஹரிஷங்கர். "ஏழு வருஷமா என்னை ஏமாத்திண்டு இருந்திருக்கான்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் தவறு நடந்தது. மடியிலிருந்த பை சரிந்தது. இரண்டு மீன் மணலில், இரண்டு நாய்க்கும் சரிபாதி தூரத்தில் விழுந்தன. எல்லாம் மூன்று நான்கு வினாடிதான். மணல் எழும்பியது, ஒரே கூச்சல். சங்கிலியை இழுத்துப் பிரித்தபோது சீமாச்சுவின் இடது காது மடலிலிருந்து ரத்தம் சொட்டியது. அவன் அழவில்லை. என்ன நடந்தது என்று புரியாதவன்போல அஜிதாவின் காலுக்குப் பின்னால் வந்து நின்றான்.

ஹரிஷங்கர் டீசலின் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, தள்ளிப் போய்க் கடலைப் பார்த்து நின்றான். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வெட்டூரில் ஒரு சாயாக்கடையில் மஞ்சள்பொடி கேட்டு வாங்கி, தண்ணீரில் குழைத்து, சீமாச்சுவின் காதில் கனமாக அப்பினாள். நாய் பல்லைக் காட்டவில்லை.

"நாளைக்கு பிரஜின் வரட்டும்" என்றாள், நிமிராமல்.

"ம்" என்றான் அவன். கொஞ்சம் கழித்து, "நம்ம நெனச்சது பூரா நடக்கணும்னு இல்லையே" என்றான். அவளைத் தேற்றுகிறானா தன்னையே தேற்றிக்கொள்கிறானா என்று தெரியவில்லை.

இடைவெளி மறுபடி இருபதடியானது. செம்மண் பாறைகள் ஓங்கி நிற்கும் கரையில், ஒருவர் கால் தடத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, கத்திப் பேசாமல் நடந்தார்கள். வர்க்கலைக் கடற்கரையிலிருந்து ஊருக்குள் ஏறி ஸ்டேஷனை அடைந்தபோது மணி ஐந்தரை.

பார்சல் கவுண்டரில் ஸ்வப்னா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். ஹரிஷங்கர் பிளாஸ்டிக் உறையை நீட்டினான். இத்தனை காகிதத்தோடு யாரும் அவளிடம் நாயைக் கொண்டுவந்ததில்லை போலிருந்தது. ஒவ்வொன்றாகப் படித்து, நாய்களை எடைமேடையில் ஏற்றச் சொன்னாள். சீமாச்சு முப்பத்து நான்கு கிலோ, டீசல் பதினேழு. ரசீது எழுதி முடித்துவிட்டுத்தான் அவள் தலைநிமிர்ந்தாள்.

"ரெண்டு பட்டி, ஒரு பெட்டி. அறியுமல்லோ?"

இரண்டு நாய்க்கும் ஒரே பெட்டியா என்று ஹரிஷங்கர் அவளையே பார்த்தான். "கார்டு வேனில நாய்ப்பெட்டி உண்டுன்னு ரூல்ல இருக்கே."

"உண்டு. ஒண்ணு."

வண்டியின் முன்கோடியிலும் ஒரு வேன் இருந்தது. ஆனால் அதைப் பார்சல் குத்தகைக்காரர்கள் எடுத்துச் சீல் வைத்துவிட்டார்கள். பின்னால் இருக்கும் கார்டு வேனில் ஒரே ஒரு பெட்டி. இருபது வருடம் பிறருடைய கோப்புகளில் ஓட்டை கண்டுபிடித்தவன், விதிப்புத்தகத்தில் எங்கும் எண்ணிக்கை போடவில்லை என்பதைக் கவனிக்காமல் விட்டிருந்தான். அவனுடைய காதுகள் சிவந்தன.

வண்டி வர ஐந்து நிமிடம்தான் இருந்தது. பிளாட்பாரத்தின் கோடிக்கு நடக்கும்போதே அவன் திட்டத்தை மாற்றிவிட்டான்.

"கேட்டியா, டீசலைப் பெட்டியில ஏத்தி நீ போயிடு. நானும் சீமாச்சுவும் பின்னாடி எப்படியாவது வந்துடறோம்."

"எப்பிடி?"

"ஆட்டோ பாக்கறேன்."

"நனஞ்ச நாயி, மீன் நாத்தம், நாப்பத்தஞ்சு கிலோமீட்டர். எவன் ஏத்துவான்?"

"அப்போ நடந்தே வந்துடறோம்" என்றான். சிரிக்க முயன்றான். புதுச் செருப்பின் வார் ஒன்று அறுந்து தொங்கியது. அவனால் பாதித் தூரம்கூட நடக்க முடியாது.

அஜிதா அவனைப் பார்த்தாள். அவன் கையில் தையல் போட்ட தழும்பு. அந்தக் கையில் அவளுடைய நாயின் சங்கிலி, இன்னும் இரண்டு சுற்றாக. வந்தது ரெண்டு ஆட்டோ, வீட்டில் ரெண்டு கட்டு, இப்போது ரெண்டு வண்டி. இப்படியே போனால் நாளைக்கு டீசல், அதற்குப் பிறகு வேறு எதைப் பிரித்து எங்கே அனுப்புவது?

"ரெண்டா வந்தது மதி, போதும்" என்றாள். "ரெண்டையும் ஒரே பெட்டியில ஏத்துவம்."

"கொதறிண்டுடும் அஜிதா. காதைப் பாரு."

"பாத்தேன். நானாக்கும் மஞ்சள் போட்டேன்."

வண்டி வந்தது. கடைசி வேனிலிருந்து வெள்ளைச் சட்டையும் பச்சைக் கொடியுமாகக் கார்டு எட்டிப் பார்த்தார். நெஞ்சில் மகாராஜா என்று பெயர்ப்பட்டை. நாகர்கோவில் பேச்சு.

"என்னா அண்ணாச்சி, ரெண்டா? ஒருத்தனத்தான எதிர்பார்த்தேன். சட்டுனு ஏத்துங்க, நான் கொடி காட்டணும்லா. சண்ட போடுமா?"

"போடும்" என்றாள் அஜிதா.

"பொய் சொல்லத் தெரியாத ஆளா இருக்கியளே யம்மா." அவர் வேனின் மூலையில் குனிந்து, கம்பிக்கதவு வைத்த தாழ்ந்த இரும்புப் பெட்டியைத் திறந்துவிட்டார். உள்ளே இருட்டு.

வேனுக்குள் தூக்கிவிட்டதும் டீசல் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டான். உடம்பு முழுக்க நடுங்கியது. அவள் சங்கிலியை வாங்கி, "வா மக்கா, ஏறு மக்கா" என்றாள். ஒன்பது வருடமாக அவள் கூப்பிட்டு வராத நாயல்ல. வரவில்லை. முதுகில் கை வைத்துத் தள்ளினாள். நகம் இரும்புத் தரையில் கீச்சிட்டது.

அப்போது சீமாச்சு வந்தான். யாரும் அவனைத் தள்ளவில்லை. பதினைந்து கிலோமீட்டர் நடந்த அலுப்பில், வீட்டில் கட்டிலுக்கு அடியில் போவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு, டீசலை உரசிக்கொண்டு பெட்டிக்குள் போனான். ஒரு சுற்றுச் சுற்றினான். பெருமூச்சு விட்டுப் படுத்தான்.

டீசல் அந்த இருட்டைப் பார்த்தான். இருட்டுக்குள்ளிருந்து மூச்சு கேட்டது. அஜிதா அவன் முதுகிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. முன்னங்கால் ஒன்று உள்ளே போனது. பிறகு மற்றது.

மகாராஜா கதவைச் சாத்தினார். உள்ளே ஒரு உறுமல். ஹரிஷங்கர் பாய்ந்தான், அதற்குள் விசில் ஊதியாகிவிட்டது. "அடுத்த பெட்டியில ஏறுங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்!"

கடைக்காவூரில் வண்டி நின்றபோது இருவரும் இறங்கி ஓடினார்கள். மகாராஜா ஜன்னலில் நின்றார். "ஒருத்தன் படுத்திருக்கான், ஒருத்தன் நிக்கான். பேச்சுவார்த்த இல்ல."

சிறயின்கீழில் மறுபடி ஓட்டம். அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஹரிஷங்கர். "நின்னவன் இப்ப உக்காந்துட்டான்" என்றார் மகாராஜா.

கழக்கூட்டத்தில் அவர் உதட்டைப் பிதுக்கினார். "சத்தமே இல்ல. அதான் எனக்குப் பயமா இருக்கு."

அதற்குப் பிறகு திருவனந்தபுரம் வரை அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அவள் பெட்டியின் பின்சுவரில் காதை வைத்திருந்தாள். சக்கரச் சத்தம்தான் கேட்டது. எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் இவர்கள்மேல் வீசிய மீன் வாசனைக்குத் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

சென்ட்ரலில் மகாராஜாவே கதவைத் திறந்து டார்ச் அடித்தார். சீமாச்சு பெட்டியின் முக்கால் இடத்தை அடைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். மீதிக் கால் இடத்தில் டீசல் மடங்கி ஒடுங்கி உட்கார்ந்து, வேறு இடமில்லாததால் சீமாச்சுவின் கழுத்தில் தாடையை வைத்திருந்தான். தூங்கவில்லை. நடுக்கமும் முழுக்க நிற்கவில்லை.

"டீசல், வா மக்கா" என்றாள் அஜிதா.

அவன் வாலை ஆட்டினான், எழுந்திருக்கவில்லை. சீமாச்சு கண் விழித்து, சோம்பல் முறித்து, வெளியே இறங்கிய பிறகுதான் அவன் பின்னாலேயே இறங்கினான்.

பிளாட்பார வெளிச்சத்தில் அஜிதா முதலில் பார்த்தது சீமாச்சுவின் காதை. காயம் சுத்தமாக இருந்தது. வெட்டூரில் கனமாக அப்பிய மஞ்சளில், நக்கி எடுத்ததுபோல, ஒரு துளிகூட இல்லை. பிறகு டீசலைப் பார்த்தாள். கறுப்பு மூக்கிலிருந்து கண் வரை மஞ்சள்.

அவள் ஹரிஷங்கரின் தோளைத் தொட்டுக் காட்டினாள். அவன் குனிந்து, டீசலின் மூக்கைக் கட்டைவிரலால் துடைத்து, விரலை வெளிச்சத்தில் பார்த்தான். ஆபீசில் சந்தேகமான கையெழுத்தைப் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். இப்போது கண்ணாடியிலும் மஞ்சள்.

"ரெண்டும் இனி எங்க போவுது?" என்று கேட்டார் மகாராஜா, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டே.

"வீட்டுக்குத்தான் போவுது" என்றாள் அவள்.

வெளியே சொன்னபடி இரண்டு ஆட்டோவும் காத்திருந்தன. அஜிதா ஜெபசிங்கின் கூட்டாளியின் கையில் ஓட்டத்துக்கான காசைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். ஜெபசிங் இரண்டு மனிதரையும் இரண்டு நாயையும் தன் ஒரு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எக்கா, எனக்க வண்டிய நாளைக்கு யாரு களுவுவா?"

"பிரஜின் வாறான். அவன் களுவுவான்" என்றாள். "சாப்பிட மட்டுந்தான் வாறான், சும்மா இருப்பானா?"

அவளும் அவனும் ஓரங்களில், நடுவில் காலடியில் நாய்கள். சங்கிலிகள் எப்போதோ பின்னிக்கொண்டிருந்தன. யார் கையில் யாருடையது என்று பிரித்துப் பார்க்க இருட்டில் முடியவில்லை. கிழக்கேகோட்டை திரும்பும்போது சீமாச்சு நிலைதடுமாறி டீசலின் காலை மிதித்தான். டீசல் உறுமினான்.

ஹரிஷங்கரின் கை பாதி எழுந்தது. அஜிதா அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். சீமாச்சு காலை எடுத்து இரண்டங்குலம் தள்ளி வைத்தான். வண்டி போய்க்கொண்டிருந்தது.